பேண்டுச் சட்டைக்கு ஒரு பேர்

நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டேன். நிறுத்துங்க பாய் என்று சொல்வதற்காகவே வீட்டிலிருந்து கிளம்பியவள், ஆட்டோவில் வரும்போது அதைக் கோபமில்லாமல், அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தவள், அச்சுக்கடை நயினார் பாய் முதல் சட்டையைத் தோள் இரண்டையும் பிடித்துத் தூக்கிக் காட்டியதும் நல்லா இருக்கு பாய் என்றேன். நல்லாத்தான் இருந்தது, அதுதான் சங்கடம். அரக்கு நிறத் துணியில், ஈரம் மினுங்கும் மஞ்சளில், டண்டணக்கா என்று நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு துள்ளல். ட-வின் மடியில் டிரம்மை உட்காரவைத்து, ண-வின் சுழிகளை டிரம்பெட் குழாயின் வளைவாக இழுத்து, மெய்யெழுத்துகளின் புள்ளி இரண்டையும் அடிகுச்சிகளின் உருண்டை முனையாக மாற்றியிருந்தேன். கணினித் திரையில் பார்த்ததைவிடத் துணியில் உயிரோடு இருந்தது. ஊருக்குத் திரும்பி வந்த பிறகு நான் செய்த வேலை என்றால் நகைக்கடை காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பல் டாக்டரின் போர்டு. இது ஒன்றுதான் நான் செய்தது என்று யாரிடமாவது காட்டத் தோன்றிய வேலை. அந்தச் சந்தோஷம் கேட்காமல் வந்து முகத்தில் உட்கார்ந்துகொண்டது. பாய் அதைப் பார்த்துவிட்டார். "பாத்தியளா மேடம், நான் சொன்னம்லா, இந்தக் கலர்ல மஞ்சள் தூக்கும்னு" என்று சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு அடுத்ததை மேஜையில் விரித்துவிட்டார். இனி நிறுத்துங்க என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவர் ரப்பர் கட்டையைச் சாய்த்துப் பிடித்து அச்சுச் சட்டத்தின் மேலிருந்து கீழே இழுக்கிறார், சர்ரக் என்று ஒரு சத்தம், சட்டத்தைத் தூக்கும்போது ஈரத்துணி விட்டுப் பிரிகிற சத்தம், இன்னொரு டண்டணக்கா. நான் ஸ்டூலில் உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டு ஆசீர் சார் கூப்பிடுவாரா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாரிச்செல்வி இன்றைக்குப் பயிற்சிக்கு வந்தாளா இல்லையா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

பள்ளி பேண்டு வாத்தியக் குழுவில் மாரிச்செல்விதான் பெரிய டிரம். ஒன்பதாம் வகுப்பு. பேண்டில் மற்ற பிள்ளைகள் எல்லாம் சின்ன டிரம், டிரம்பெட், குழல் என்று கூட்டம் கூட்டமாக இருக்க, அவள் ஒருத்தி மட்டும் அந்தப் பெரிய வட்டத்தை வயிற்றின்மேல் தூக்கிக்கொண்டு, அதற்கு மேலே கண்ணும் தொப்பியும் மட்டும் தெரிய நடப்பாள். நான் முதல்முறை மைதானத்துக்குப் போனபோது ஆசீர் சார், போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்று வந்து இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர், ரகசியம் போல என்னிடம் சொன்னார்: "மத்தவளுவ தப்பா ஊதுனாலும் ஜனம் கண்டுபிடிக்காது மேடம். இவ ஒரு அடி விட்டான்னா அம்புட்டுப் பேரும் இடறி விழுவாளுவ." அந்த மாரிச்செல்வி, நான் டிசைனைப் பள்ளியில் காட்டியதற்கு மறுநாளிலிருந்து வரவில்லை. வயிற்றுவலி என்றாளாம். பிறகு அம்மாவுக்குக் காய்ச்சல் என்றாளாம். சனிக்கிழமை மாவட்டப் போட்டி, வழக்கமான வெள்ளைச் சீருடைக்குப் பதிலாக இந்தச் சட்டையைத்தான் அன்றைக்குப் போடப் போகிறார்கள். "இன்னும் ஒருநாள் பாப்பேன் மேடம், நாளைக்கும் வரலைன்னா டிரம்மை வேற பிள்ள கையில கொடுத்துருவேன், வேற வழியில்ல" என்று நேற்றுச் சாயங்காலம் சார் போனில் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் இழுத்தார். "அந்தச் சட்டையில ஒரு பேரு போட்டிருக்கியள்லா. அது அந்தப் பிள்ளைக்கு வச்ச பேரு." எனக்கு விளங்கவில்லை. யார் வைத்தது என்று கேட்டேன். "கூடப் படிக்கவளுவதான். அவ அப்பா தப்புக்குப் போறவருல்லா." தப்பா, என்ன தப்பு சார், ஜெயில்ல இருக்காரா என்று கேட்டேன். கேட்டேன், இந்த வாயால். பிறகு சார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாக, "தப்பு மேடம். கொட்டு. சாவு வீட்டுல அடிப்பாங்கள்லா" என்றார். பத்தாவது வரை தமிழில் படித்தவள் நான், தமிழ்ப் பாடத்தில் பரிசு வாங்கியவள், அதற்குப் பிறகுதான் இங்கிலீஷ், அதற்கும் பிறகுதான் விமானம். ஆனாலும் தப்பு என்றால் என் காதில் குற்றம் மட்டும்தான் விழுகிறது, தோல் கட்டிய அந்த வட்டம் எங்கேயோ வழியில் கழன்று விழுந்திருக்கிறது. கழன்றுதான் விழுந்ததா? நான்தான் எங்கேயாவது இறக்கி வைத்தேனா? தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும்போதே அது பொய் மாதிரி இருக்கிறது.

பேர் கேட்ட அன்றைக்குப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். பயிற்சி முடிந்து பிள்ளைகள் சைக்கிள் ஷெட் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள், வியர்வை வாடை, தண்ணீர் பாட்டில்கள், மடியில் கவிழ்த்த தொப்பிகள். நான் கையில் நோட்டோடு நடுவில் நின்று, பெரிய இவள் மாதிரி, "உங்க பேண்டுக்கு ஒரு பேர் சொல்லுங்க பாப்போம், சட்டையில போடுறதுக்கு. ஸ்கூல் பேரை எல்லாரும்தான் போடுவாங்க. இது உங்களுக்குன்னு இருக்கணும்" என்கிறேன். டெக்சாஸில் என் மகள் யாமினியின் பள்ளி பேண்டில் அப்படித்தான் செய்வோம், வருஷா வருஷம் சட்டை டிசைன் என் பொறுப்பு, பிள்ளைகளே ஒவ்வொருவருக்கும் பட்டப்பெயர் வைத்து முதுகில் போட்டுக்கொள்வார்கள், ஒன்றை ஒன்று மிஞ்சும் கேலி, யாரும் அழுததாக நினைவில்லை. அழுதிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. இங்கே ஒருத்தி லயன்ஸ் என்றாள். ஒருத்தி ராக்கெட் என்றாள், மற்றவர்கள் "ஏட்டி, தீபாவளிக்கா சட்டை தைக்கோம்?" என்று அவளை ஓட்டினார்கள். அப்போது ஜெஃப்ரின், சின்ன டிரம் பிள்ளைகளுக்குத் தலைவி, நல்ல உயரம், துடியான பேச்சு, "மிஸ், டண்டணக்கான்னு போடுங்க மிஸ்" என்றாள். கூட்டம் குலுங்கியது. ஒருத்தி இன்னொருத்தி தோளில் விழுந்து சிரித்தாள். "ஏ, சும்மா இருட்டி" என்று பின்னாலிருந்து ஒரு குரல், சிரிப்பை அடக்குகிற குரல், அந்தக் குரலில்தான் எல்லாம் இருந்தது, அது என் காதில் விழுந்தது, இப்போதும் விழுகிறது. மாரிச்செல்வியைப் பார்த்தேனா? பார்த்தேன். அவளும் சிரித்தாள். புறங்கையால் வாயை மூடிக்கொண்டு, எல்லாரையும்விடக் கொஞ்சம் முந்திச் சிரித்தாள், எல்லாரும் நிறுத்திய பிறகும் கொஞ்சம் சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் சிரித்தது வேறு காரணத்துக்கு. அப்படித்தான் நினைக்கிறேன். யாமினி சின்னவளாக இருந்தபோது சாப்பாட்டு மேஜையில் கரண்டியை வைத்துத் தட்டிக்கொண்டேதான் வீட்டுப்பாடம் செய்வாள், என்ன, டண்டணக்கா ஆரம்பிச்சாச்சா என்று நான் அடுப்படியில் இருந்து கேட்பேன். அது எங்கள் வீட்டுச் செல்லச் சொல். அவள் பேண்டில் சேர்ந்த வருஷம் அவள் முதுகில் அதையே தமிழ் எழுத்தில் போட்டுக்கொடுத்தேன், வெள்ளைக்காரப் பிள்ளைகள் பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக் கைதட்டினார்கள், ஒரு அம்மா என்னிடம் வந்து என்ன அர்த்தம் என்றாள், எங்கள் ஊர் டிரம்மின் சத்தம் என்றேன். எந்தத் தெருவின் டிரம் என்று அவளுக்குக் கேட்கத் தெரியாது. எனக்கு?

எங்கள் தெருவில் சாவு என்றால் அம்மா முதலில் தெருப்பக்க ஜன்னலைச் சாத்துவாள். சாத்தினாலும் சத்தம் வரும், ஜன்னல் கம்பி அதிரும், தண்ணீர்ச் செம்பில் வட்டம் வட்டமாக அலை விழும். பையன்கள் தெருமுனைவரை ஆடிக்கொண்டே போவார்கள், வந்து உதை வாங்குவார்கள். டண்டணக்கா என்பது அதிலிருந்துதான் வருகிறது, வேறு எங்கிருந்து வரும்? நாதஸ்வரக் கச்சேரிக்கு யாரும் டண்டணக்கா என்று சொல்வதில்லை, சர்ச் கொயருக்குச் சொல்வதில்லை. கட்டை விரலை மடக்கி, தோளைக் குலுக்கி, ஒரு மாதிரி உதட்டைச் சுழித்துச் சொல்கிற சொல் அது, சொல்லுகிறவன் தான் அங்கே நிற்கவில்லை என்று காட்டிக்கொள்வதற்காகச் சொல்கிற சொல். இது எனக்குத் தெரியாதா? இதைத் தெரிந்துகொள்ள ஆசீர் சார் போன் செய்ய வேண்டுமா? அப்பா இறந்தபோது நான் பத்தொன்பது மணிநேரமோ இருபதோ பறந்து வந்து இறங்கி, அங்கிருந்து கார், பிறகு வீடு, எதுவும் உறைக்கவில்லை, அப்பாவின் முகம்கூட உறைக்கவில்லை, கொட்டு ஆரம்பித்த பிறகுதான் விலா எலும்புக்குள் ஏதோ இடிந்து அழுதேன். அந்த அடி எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது, முதலில் ஒற்றையாக, தயங்கித் தயங்கி, பிறகு எல்லாம் சேர்ந்து. வாசலில் பந்தல், வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி, அடித்தவர்கள் பந்தலுக்கு வெளியே வெயிலில். பேப்பர் கப்பில் டீ. அவர்களில் ஒருவர் முகம்கூட எனக்கு நினைவில்லை. எத்தனை முயன்றாலும் சட்டை நிறம்கூட வரவில்லை, கைகள் மட்டும் வருகின்றன, வட்டத்தின் விளிம்பில் ஒரு கை, குச்சி பிடித்த ஒரு கை. மாரிச்செல்வியின் ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான், எங்கள் தெருவுக்குக் கொட்டு அடிக்க அங்கிருந்துதான் வருவார்கள். அதில் ஒன்று அவள் அப்பாவின் கையாக இருக்கலாம். அந்தக் கையால் நான் அழுதிருக்கலாம். பாய் மேஜையிலிருந்து, "டீ சொல்லட்டா மேடம்?" என்கிறார். வேண்டாம் பாய் என்கிறேன். சர்ரக். பிரிகிற சத்தம். கொடியில் வரிசை நீண்டுகொண்டே போகிறது, மின்விசிறிக் காற்றில் நெஞ்சுகள் மட்டும் ஆடுகின்றன, தலையில்லாமல், கையில்லாமல், டண்டணக்கா டண்டணக்கா என்று.

நேற்றே சாரிடம் சொல்லியிருக்கலாம், நிறுத்திவிடுகிறேன் என்று. சொல்லாமல் ஒரு வாதத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். டெக்சாஸில் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பறை வகுப்பு நடக்கும், கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் இடுப்பில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு அடிப்பார்கள், ஆதித் தமிழனின் இசை என்று மேடையில் சொல்வார்கள், அதற்குப் போஸ்டர் செய்தது நான்தான், அழகான போஸ்டர். அங்கே பெருமையாக இருப்பது இங்கே ஏன் இழிவாக இருக்க வேண்டும், கேலிக்கு வைத்த சொல்லை எடுத்து எல்லாரும் நெஞ்சில் போட்டுக்கொண்டால் கேலி செத்துவிடாதா, அதைத்தான் நான் செய்கிறேன் என்று வைத்துக்கொண்டால் என்ன. வைத்துக்கொண்டால்! யாரைக் கேட்டு வைத்துக்கொள்வது? அந்தப் பிள்ளை வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கையுறை, தொப்பியில் ஒரு இறகு, எல்லாருக்கும் ஒரே நடை, இதற்குத்தானே பேண்டில் வந்து சேர்ந்திருப்பாள். அதுவும் அடிதான், இதுவும் அடிதான், ஆனால் இங்கே அடித்தால் தலைமையாசிரியை எழுந்து நின்று சல்யூட் வாங்குகிறாள். அந்தத் தூரத்தை அவள் எப்படிக் கடந்து வந்தாளோ, நான் பின்னாலேயே போய் அவள் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டு, எவ்வளவு அழகான எழுத்து பார் என்கிறேன். ஹெப்சியிடம் சொல்லலாமா என்றும் யோசித்தேன். ஹெப்சிபா, இந்தப் பள்ளியின் தலைமையாசிரியை, ஆறாவதிலிருந்து எனக்கு ஒரே பெஞ்சுத் தோழி, இந்த வேலையை எனக்குக் கொடுத்ததே அவள்தான். ஹெப்சியின் மனசு தங்கம், ஆனால் அது மைக் பிடித்துத்தான் பேசும். காலை வழிபாட்டில் நிறுத்தி, எவட்டி அந்தப் பேரைச் சொன்னது, முன்னால வா என்பாள். ஜெஃப்ரின் முட்டிபோடுவாள். மாரிச்செல்வியைக் கூப்பிட்டுத் தோளில் கைபோட்டு, நாமெல்லாம் கர்த்தருடைய பிள்ளைகள் என்பாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைவரை எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிடும். ஆக, ஹெப்சியிடம் சொல்லாமல் இருப்பது மாரிச்செல்விக்காகத்தான். இப்படி ஒவ்வொன்றுக்கும் அவளுக்காகத்தான் என்று ஒரு முடிச்சுப் போடத் தெரிகிறது எனக்கு. அடியில் கிடப்பது என்னவோ அந்த ண-வின் சுழி, அதை வளைக்க இரண்டு நாள் ஆனது, அது கைவிட்டுப் போகக் கூடாது. "எம் பேத்தி கேக்கா மேடம், தனக்கும் ஒண்ணு இதே மாதிரி வேணுமாம்" என்கிறார் பாய், தலையைத் தூக்காமல். "சொல்லுததுக்கே நல்லாருக்குல்லா. டண்டணக்கா." சொல்லிவிட்டுத் தோளை லேசாக ஒரு குலுக்குக் குலுக்கிக்கொள்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது. இல்லை, அவர் தோளுக்குத் தெரிகிறது.

போன் மடியில் துடித்தது. ஆசீர் சார். "வந்துட்டா மேடம்" என்றார், எடுத்ததும். "வந்தா, பெல்ட்டை மாட்டுனா, டிரம்மைத் தூக்கிட்டு நிக்கா. நான் ஒண்ணும் கேக்கல, அவளும் ஒண்ணும் சொல்லல." சரி, அவ்வளவுதான், பிள்ளைகள் இதையெல்லாம் மறந்துவிடுவார்கள், நாம்தான் பெரிதாக்கிக்கொள்கிறோம் என்று ஒரு மூச்சுக்குள் நினைத்தும் முடித்துவிட்டேன். "சட்டை எப்ப வருதுன்னு கேட்டா மேடம்." எந்தக் குரலில் கேட்டாள்? அதை எப்படி சாரிடம் கேட்பது. "சார், அவகிட்ட போனைக் கொடுக்கீங்களா? கொஞ்சம் தள்ளிக் கூட்டிட்டுப் போய்." சார் யோசித்தார். செருப்புச் சத்தம், டிரம்பெட்டுகள் தூரமாகிப் போகிற சத்தம், பிறகு போனுக்கு மிக அருகில் ஒரு மூச்சு. "மிஸ்." நான் எழுந்து நின்றுவிட்டேன், ஏனென்று தெரியவில்லை. "மாரிச்செல்வி, அந்தச் சட்டையில இருக்க பேரை மாத்திரப் போறேம்மா." தூரத்தில் ஒருத்தி டிரம்பெட்டில் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பிழையாக ஊதிக்கொண்டிருந்தாள். "வேண்டாம் மிஸ்." ஏம்மா என்றேன். "மாத்துனா என்னாலதான்னு சொல்லுவாளுவ. உங்ககிட்ட வந்து அழுதேம்பாளுவ. அதுக்குப் பெறவு அதையும் சேத்துச் சொல்லுவாளுவ. இதுன்னா எல்லாரு சட்டையிலயும் இருக்கும்லா, ஒருத்தியைப் பாத்து ஒருத்தி சொல்ல முடியாதுல்லா." நான் கட்டிலில் படுத்து அலங்காரமாகக் கட்டிய அதே வாதம், இவள் அதை வேறு எதுவும் மிஞ்சாதபோது கையில் எடுக்கிற கல்லாக எடுத்து வைத்திருக்கிறாள். "அப்ப உனக்குப் பரவாயில்லையா?" கேட்ட உடனே தெரிந்தது, ஆமாம் என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்றுதான் கேட்கிறேன். "எனக்கு ஒண்ணுமில்ல மிஸ். அப்பா வாறாங்க சனிக்கிழமை. இதுவரைக்கும் எங்க பேண்டைப் பாத்ததில்ல. ஒரு ஊர்ல அவங்கள வேலைக்குச் சொல்லியிருந்தாங்க, வேண்டாம்னுட்டு வாறாங்க." நிறுத்தினாள். "அப்பாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும் மிஸ்."

அவர் எழுத்துக் கூட்டுவதை மனசுக்குள் பார்த்தேன். மைதானத்தின் கயிறுக்கு இந்தப் பக்கம், கூட்டத்தில், ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, ட, ண், ட என்று உதடு அசைய. மகளின் நெஞ்சில் இருப்பதை முதலில் வாசிப்பார், பிறகு மற்ற பிள்ளைகளின் நெஞ்சில் இருப்பதை, பிறகு சுற்றிலும் யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று. "எனக்குத் தெரியாதும்மா" என்றேன், "அப்படி ஒரு பேரு உனக்கு வச்சிருக்காங்கன்னு எனக்கு..." "நீங்களும் சிரிச்சீங்க மிஸ்." குற்றமாகச் சொல்லவில்லை. இன்றைக்குத் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற குரல். நான் மறுக்க வாயெடுத்தேன், நான் சிரித்தது அதற்கில்லை, எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், கரண்டி, சாப்பாட்டு மேஜை, எல்லாம் தொண்டை வரை வந்து வரிசையில் நின்றது. "ஆமா, சிரிச்சேன்" என்றேன். "யாருக்கும் தெரியாம மாத்துதேன். நான் பாத்துக்கிடுதேன். கடையில ஸ்க்ரீன் கிழிஞ்சு போச்சுன்னு..." ரப்பர் கட்டையின் சத்தம் பாதியில் நின்றது. நயினார் பாய் குனிந்தபடியே கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தார். பழி எவ்வளவு சுலபமாக வந்து விழுந்துவிட்டது, பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள் தலையில். "இல்ல, இல்ல. நான் எழுத்துப்பிழை விட்டுட்டேன்னு சொல்லிருதேன். ஒரு எழுத்தை மாத்திப் போட்டுட்டேன்னு." மாரிச்செல்வி யோசித்தாள். "கொட்டுச் சத்தத்துக்கு ஏது மிஸ் எழுத்துப்பிழை?" எனக்குச் சிரிப்பு வந்தது, வந்த இடத்திலேயே நின்றும்விட்டது. "அமெரிக்கால இருந்து வந்தவளுக்குத் தமிழ் மறந்துபோச்சுன்னா எல்லாரும் நம்பிருவாங்கம்மா." "அது நம்புவாளுவ" என்றாள் உடனே. மூக்கால் ஒரு காற்று, சிரிப்பின் முனை மாதிரி ஒன்று. அது எனக்கு மன்னிப்பு என்று ஒரு நொடி எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். "புதுசுல என்ன பேர் போடட்டும்? நீயே ஒண்ணு சொல்லு" என்றேன், இன்னும் விடவில்லை நான், இன்னும் அந்தப் பிள்ளையிடமிருந்து எதையோ வாங்கிக்கொள்ளப் பார்க்கிறேன். "பேரே வேண்டாம் மிஸ். ஸ்கூல் பேரு மட்டும் போடுங்க. சார் கூப்பிடுதாங்க, வச்சிருதேன்."

நிறுத்துங்க பாய் என்றேன். அது இத்தனை சின்ன வார்த்தையாக இருந்தது. "நல்லாருக்குன்னு நீங்கதான மேடம் சொன்னிய?" "சொன்னேன் பாய். எழுத்து ஒண்ணு தப்பாயிருச்சு. எம்மேலதான் தப்பு, ஆனதுக்கும் சேத்து நான் துட்டு தந்துருதேன்." அவர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எது என்று கேட்கவில்லை, ஸ்க்ரீன் கிழிந்ததைப் பற்றியும் கேட்கவில்லை. ஹெப்சிக்குப் போன் செய்தேன். "எந்த எழுத்துட்டி கோமு? நான் பாக்கும்போது சரியாத்தான இருந்துச்சு" என்றாள். ண போட்டுட்டேன், ன-தான் வரணுமாம், சின்ன ன, போட்டியில நடுவரா தமிழ் வாத்தியார் யாராவது வந்துட்டா மானம் போயிரும், வம்பே வேண்டாம், ஸ்கூல் பேரையே போட்டுருதேன் என்று அளந்தேன். ஹெப்சி வயிறு குலுங்கச் சிரித்தாள். "தமிழ்ல பரிசு வாங்குனவளுக்கு வந்த கதியைப் பாரு! இங்கிலீஷ்காரியாவே ஆயிட்ட போ" என்றாள், பக்கத்தில் யாரிடமோ சொல்லவும் ஆரம்பித்துவிட்டாள், அந்த அறையின் சிரிப்பு போனுக்குள் வந்தது. அது வலிக்கும் என்று நினைத்திருந்தேன், வலிக்க வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன், கொஞ்சமாவது கழியும் என்று. வலிக்கவில்லை. சௌகரியமாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்து அவர்கள் சிரிக்கிற சிரிப்பில் நான் எங்கும் போகாமல் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கலாம், நாளைக்கும் அதே பெயரோடு, அதே தெருவில். பாய் காய்ந்த சட்டைகளைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டிருந்தார். "இத என்ன செய்ய மேடம்? பேத்திக்கு ஒண்ணு எடுத்துக்கிடட்டா?" "வேண்டாம் பாய்." "ஒண்ணே ஒண்ணு. வீட்டுக்குள்ளதான் போடும்." "ஒண்ணுகூட வேண்டாம்." பாய் ஒன்றை எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, அதைக் கொண்டே சட்டத்தில் இருந்த மஞ்சளைத் துடைக்க ஆரம்பித்தார்.

மடிக்கணினியை அவருடைய மேஜை ஓரத்தில் திறந்து வைத்தேன். பள்ளியின் பெயரை அடித்தேன். இருக்கிற எழுத்துருக்களிலேயே எதுவும் சொல்லாத ஒன்று, ரேஷன் கடை போர்டில் இருப்பது மாதிரி, அதைத் தேர்ந்தெடுத்தேன். நேராக ஒரு வரி. பார்த்துக்கொண்டே இருந்தேன். அது சட்டையே இல்லை மாதிரி இருந்தது, அரசாங்க அறிவிப்பு மாதிரி. கை தானாகப் போய் வரியை லேசாக வளைத்தது. நேராக்கினேன். வரிக்குக் கீழே ஒரு கோடு, கோட்டின் நடுவில் சின்னதாக, மிகச் சின்னதாக, ஒரு டிரம், யாருக்கும் எதுவும் தோன்றாது, பேண்டுக்கு டிரம் போடுவதில் என்ன. அது வந்ததும் முழுச் சட்டையும் எழுந்து நின்றது. எவ்வளவு நன்றாக இருக்கிறது. பெரிய டிரம் தூக்குகிறவள் ஒருத்திதான் அங்கே. அழித்தேன். பாய் கையில் ஈரத்துணியோடு வந்து தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "இம்புட்டுத்தானா மேடம்? கீழ ஏதாவது போடுங்க. மொட்டையா இருக்கு." "மொட்டையாவே இருக்கட்டும் பாய்" என்றேன். அவர் புது ஸ்க்ரீனுக்குச் சட்டம் எடுக்க உள்ளே போனார். என் கை மறுபடியும் அந்தக் காலி இடத்துக்குப் போனது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டேன்.